ஏலப்பூவின் உதடும் தேனீயின் காலும்



போடிநாயக்கனூருக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்தின் உடும்பஞ்சோலைத் தாலுகா. பெயரிலேயே உடும்பு இருக்கிறது. அதன் கூரிய நகம் பாறையைப் பற்றினால் லேசில் விடாது. பிளவுபட்ட நாக்கு காற்றிலுள்ள வாசனையைப் பிடித்து இரையைக் காட்டும். வால் சாட்டையாகச் சுழன்று பகையை விரட்டும். நகர்ந்து பிழைக்கும் பிராணிக்கு இது சரி, நின்ற இடத்திலேயே நிற்கும் செடி எப்படிப் பிழைக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த மலையில் விளையும் ஏலச்செடியே இதற்குப் பதில் சொல்லும்.

ஏலத்தின் நிஜத் தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. வெளியே தண்டு மாதிரித் தெரிவது, வாழையில் உள்ளதுபோல, ஒன்றையொன்று சுற்றிய இலையடிகள்தான். பூச்சரம் செடியின் அடியிலிருந்து கிளம்பும். சில ரகங்களில் தரையோடு படரும், சிலவற்றில் நிமிர்ந்து நிற்கும்.

விடியலில் விரியும் பூவுக்கு ஆயுள் ஒரே நாள். அதன் வெள்ளை உதட்டில் ஊதாக் கோடுகள் ஓடும். தேன் இருக்கும் இடத்துக்குத் தேனீயை அழைத்துப் போகும் வழி அது. மகரந்தப் பைக்குச் சற்று மேலே சூல்முடி இருப்பதால் மகரந்தம் தானாகப் போய் ஒட்டுவது கடினம். உள்ளே நுழையும் தேனீயின் உடம்பு ரோமத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அதைக் காலால் வாரிப் பின்னங்கால் கூடையில் சேர்த்துக்கொள்ளும். வாராமல் மிஞ்சியது அடுத்த பூவின் சூல்முடியில் பட்டால் காய் பிடிக்கும். தேனீ வராத பூ பெரும்பாலும் வெறுமனே உதிரும்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு. நண்டும் தும்பியும் நாலறிவு. எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரமும் வண்டைத் தொடுதல், சுவை, மணம், பார்வை என்ற நான்கு புலன்கள் உள்ள உயிர் வரிசையிலேயே வைக்கிறது. தேனீயின் உணர்கொம்பு அதிர்வையும் அறியும் என்பது இன்றைய விஞ்ஞானம். ஆக, ஓரறிவுச் செடியும் நாலறிவுப் பூச்சியும் தத்தம் உறுப்பால் ஒன்றையொன்று வாழவைக்கின்றன.

தொல்காப்பியர் மனிதனுக்குத் தந்த ஆறாவது அறிவு மனம். அதற்கு இங்கே வேலை இருக்கிறது. காலையில் தேனீ பறக்கும் வேளையில் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தால் பூச்சியோடு தேனீயும் சாகும். பிறகு சரத்தில் பூ இருக்கும், காய் இருக்காது. மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையமும் இதே தாலுகாவில்தான் உள்ளன. தோட்டக்காரர்கள் அங்கே கேட்டறிந்து, அவசியமானால் மட்டும், தேனீ கூடு திரும்பிய பிறகு மருந்து அடிப்பது நல்லது. கொல்லாமை அறம் என்பார்கள். ஏலத்தோட்டத்தில் அது லாபக் கணக்கும்கூட.

அடுத்த முறை பாயசத்துக்கு ஏலக்காய் தட்டும்போது, அது ஒரு தேனீ வந்து போனதால் கிடைத்த காய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.