உங்களுக்குத் தெரியுமா? விவசாயிகள் அறியவேண்டிய அரிய இரத்தப் புற்றுநோய்

மயிர்க்கல இரத்தப் புற்றுநோய் மிக அரிது. லுக்கேமியா எனும் வெண்குருதிப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கே வருகிறது. நுணுக்குக்காட்டியில் வெண்குருதிக் கலங்களின் ஓரத்தில் மயிரிழைகள் போன்ற நீட்சிகள் தெரியும். 1958இல் அமெரிக்க மருத்துவர் பெர்த்தா பூரோங்கிள் இதைத் தனி நோயாக விவரித்தார்.

இந்நோய் பெண்களைவிட ஆண்களை நான்கு மடங்கு அதிகமாகத் தாக்கும். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களை. ஐரோப்பிய வம்சத்தினரைவிட ஆசியர்களிடம் குறைவு. ஆனால் விவசாயத் தொழிலாளரிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாக மேலைநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. வயலை நம்பி வாழும் இலங்கையின் செட்டிகுளம் ஊர் மக்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

தீராத சோர்வு, அடிக்கடி தொற்று, இடது விலாவின் கீழ் வீங்கிய மண்ணீரல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவை தென்பட்டால் நாடுவதற்கு இலங்கையில் தெல்லிப்பழையிலும் மகரகமையிலும் அரச புற்றுநோய் வைத்தியசாலைகள் உள்ளன. கிளாட்ரிபைன் மருந்தின் ஒரே சுற்றில் பெரும்பாலானோருக்கு நோய் பல ஆண்டுகள் அடங்கிவிடுகிறது.