அனுமதி வழங்கும் அதிகாரத்தைப் பகிர்தல்

கணினித் தொகுதியொன்றில் பயனர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுமதி வழங்காது, வகிபங்குகளை உருவாக்கி அவற்றுக்கு அனுமதி வழங்குவதே வகிபங்கு அடிப்படையிலான அணுகற் கட்டுப்பாடு ஆகும். 1992 இல் பெராயோலோ, குன் ஆகியோர் இதனை முன்வைத்தனர். இவ்வளவும் இலகுவானது.

பல்லாயிரம் பயனர்கள் உள்ள நிறுவனமொன்றில், யாருக்கு எந்த வகிபங்கு என்பதை ஒரே நிர்வாகி தீர்மானிப்பது கடினம். எனவே அவ்வதிகாரமும் பகிரப்படுகிறது. பகிரப்பெற்றவர் தம் நண்பரைப் பணிப்பாளராக்கிவிட்டால்? இங்கேதான் சிக்கல். ரவி சந்துவும் சகாக்களும் 1997 இல் அமைத்த மாதிரி இதற்கு எல்லைகள் இடுகிறது. அவர்கள் தந்த உதாரணத்தைப் பாருங்கள். பொறியியற் பிரிவின் முதலாவது செயற்றிட்டப் பாதுகாப்பு அலுவலர், அச்செயற்றிட்டத்தின் வகிபங்குகளை மட்டுமே வழங்கலாம். அதுவும் ஏற்கெனவே அப்பிரிவில் உள்ளவர்களுக்கே. செயற்றிட்டத் தலைவர் பதவி அவரது எல்லைக்கு அப்பாற்பட்டது. உற்பத்திப் பொறியியலாளரைத் தரப் பொறியியலாளராகவும் அவர் நியமிக்க முடியாது. (தான் செய்ததைத் தானே சோதிப்பதா?)

நீக்குதலிற் பலர் தடுமாறுவர். ஒருவரின் கீழ்நிலை வகிபங்கை நீக்கினாலும், அவரிடம் மேல்நிலை வகிபங்கு இருப்பின் அதன் வழியே பழைய அனுமதிகள் தொடரும். இது நலிந்த நீக்கம் எனப்படும்.