உடம்புக்குள்ளும் துருப் பிடிக்கும்

வாழைப்பூவை ஆய்ந்ததும் மோர்த் தண்ணீரில் போடுகிறீர்கள். போடாமல் விட்டால் கறுத்துப் போகும். காற்றிலுள்ள பிராணவாயு படுவதால் வருகிற கறுப்பு அது. அரிவாள்மனை துருப் பிடிப்பதிலும் இந்த வாயுவுக்குப் பங்கு உண்டு. நாம் சுவாசிப்பதும் இதைத்தானே, உடம்புக்குள் போய்ச் சும்மா இருக்குமா?

இருக்காது. சாப்பிட்ட சோறு உடலின் அணுக்களில் சக்தியாக மாறும்போது, அடுப்பில் பொறி தெறிப்பதுபோல் சில நிலைகொள்ளாத பொருள்கள் உண்டாகின்றன. பக்கத்திலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் இவை தாக்கும். அத்தனையும் கெடுதல் என்றும் எண்ண வேண்டாம். கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளை அணுக்களே இவற்றைத் தயாரிக்கின்றன. அளவு மீறினால்தான் வம்பு.

இந்தப் பொறிகளை அணைக்க உடம்பே ஆள் வைத்திருக்கிறது. புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் பொங்கி நுரைக்கும், பார்த்திருப்பீர்கள். கிருமி சாகிறது, அதனால் நுரைக்கிறது என்பார்கள். அது சரியல்ல. நம் ரத்தத்திலும் சதையிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அந்த மருந்தைத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்து விடுகிறது. இதே வகையில் இன்னொரு காவல் நொதியை அமெரிக்காவில் மெக்கார்டு, பிரிடோவிச் என்ற இருவர் 1969-இல் கண்டறிந்தார்கள்.

தம்பதியருக்கு இதை ஏன் சொல்ல வேண்டும்? ஆணின் விந்தணு மிகச் சிறியது. இந்தக் காவல் பொருள்களை வைத்துக்கொள்ள அதனுள் இடம் மிகக் குறைவு. அதன் மேலுறையோ எளிதில் கெடும் கொழுப்பால் ஆனது. பீடி, சிகரெட் புகை ஒவ்வொரு இழுப்பிலும் ஏராளமான பொறிகளை உள்ளே கொண்டுபோகிறது. விந்தணுவின் ஓட்டம் குறையும், உள்ளிருக்கும் மரபுப் பொருளும் சேதப்படும். "கலியாணமாகி இத்தனை நாளாச்சு, இன்னும் விசேஷம் இல்லையா?" என்று பெண்ணை மட்டும் கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடுவது என்ன நியாயம்? புதிய விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 70 நாட்களுக்கு மேல் ஆகும். ஐயா, இன்று பீடியை விட்டால் மூன்று மாதத்தில் புது விளைச்சல்!

கடையில் விற்கும் சத்து மாத்திரை போதாதா என்பீர்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதியரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. ஆண்களுக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தும் விந்தணுவின் தரம் உயரவில்லை, குழந்தைப் பேறும் கூடவில்லை. (இதைக் கேட்டு, கர்ப்பிணிக்குச் செவிலியர் தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது ரத்தசோகைக்கும் சிசுவின் நலனுக்கும்.) பச்சை நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, நிலக்கடலை ஆகியவை வீட்டிலேயே கிடைக்கும்.

ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லையா? மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கணவருக்கு விந்துப் பரிசோதனை எளிது, ஊசி கிடையாது. அதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை விலகியிருந்து போக வேண்டும்.