அடுக்களையில் வார்த்த மண்புழு

தூண்டிலில் மண்புழுவைக் கோத்து மீன் பிடித்தல் பழைய வழக்கம். அம்மண்புழுவையே அச்சில் வார்த்தெடுக்கலாம் என்று 1949ஆம் ஆண்டிற் செய்துகாட்டியவர் நிக் கிறீம் என்பவர். ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்றன் நகரிலே, தம் மனைவியார் கொஸ்மாவுடன் சேர்ந்து வீட்டிலேயே அவர் இதனை ஆக்கினார். பின்னர் தொழிற்சாலைகள் பல எழுந்தன. எனினும், தமக்கு வேண்டிய மென்மையான பிளாஸ்டிக் இரையைத் தாமே வார்த்துக்கொள்வோர் அந்நாட்டில் இன்றும் உளர்.

இதற்கு வேண்டும் மூலப்பொருள் பிளாஸ்டிசோல் எனப்படும். பொலிவைனைல் குளோரைட்டின் நுண்துகள்கள், அதனை இளக்கவல்ல எண்ணெய் போன்ற திரவத்தில் மிதந்து நிற்பதே அது. பார்வைக்குப் பாலை ஒத்தது. மெழுகைப் போலச் சூடேற்றியவுடன் இளகும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். துகள்கள் திரவத்தை உறிஞ்சிப் பருப்பதனால் அது முதலிற் கூழாகத் தடிக்கும். வெப்பம் ஏறக்குறைய 350 பாகை பரனைற்றை அடையும்போதுதான் மீண்டும் இளகி, தெளிந்த பாகு போல ஓடும். வண்ணம் கலந்து வார்த்தற்கு உரிய பதம் அதுவே. பதம் வருமுன் வார்த்த இரை எளிதிற் கிழிந்துவிடும்.

அச்சுச் செய்வது கடினமன்று. பழைய இரையொன்றை ஒரு சிறு பெட்டியின் அடியில் ஒட்டி, எண்ணெய் தடவி, அதன்மேற் பாரிஸ் சாந்தைக் குழைத்து ஊற்றுவர். சாந்து இறுகியபின் இரையை நீக்கினால் அதன் வடிவம் பள்ளமாய் நிற்கும். பள்ளத்தின் உட்புறத்திற்குப் பிசின் பூசுவர். ஆனால், சாந்து முற்றாக உலர்ந்த பின்னரே பூசவேண்டும். ஈரம் எஞ்சியிருப்பின், கொதிக்கும் பிளாஸ்டிக் பட்டதும் அது நீராவியாய்ச் சீறும். தெறிக்கும் துளி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கண்ணிற் பட்டாலோ சொல்லவேண்டியதில்லை. கண்ணாடியும் கையுறையும் அணிவது இதற்காகவே.

சூடு மிகுந்தால் வேறோர் ஆபத்து உண்டு. பிளாஸ்டிக் மஞ்சளாகிக் கருகி, ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளிவிடும். ஈரமான தொண்டையிலும் நுரையீரலிலும் அது அமிலமாகிவிடும். வெப்பமானியைக் கைவிடாது, காற்றோட்டமுள்ள வெளியிடத்திற் காய்ச்சுவதே தக்கது. அடுக்களையிற் பிறந்த கலையெனினும் அடுக்களை அதற்கு ஏற்ற இடமன்று. காய்ச்சிய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுத்தலும் ஆகாது.

வார்த்த இரை சில நிமிடங்களில் ஆறி இறுகும். நொய்ந்து கிழிந்தவற்றை நீரில் எறிந்தால் அவை மட்கா; மீன்கள் விழுங்கும். அவற்றைச் சேர்த்துவைத்து, ஈரம் போக உலர்த்தி, மீண்டும் உருக்கி அதே அச்சில் வார்க்கலாம்.