கோல்ஃப் மட்டைக்கும் 'சிசி' கணக்கா? பெரிய தலை டிரைவரால் சாதாரண ஆட்டக்காரருக்கு என்ன லாபம்?

பைக் வாங்கப் போனா முதல் கேள்வியே 'எத்தனை சிசி?' என்பதுதான். கோல்ஃப் மட்டை வாங்கப் போகிறவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். இன்று கடையில் இருக்கும் டிரைவர் மட்டைகளில் பெரும்பாலானவை 460 சிசி. அதாவது மட்டையின் தலை மட்டுமே கிட்டத்தட்ட அரை லிட்டர் கொள்ளளவு. 35 வருஷத்துக்கு முன்னால் இதில் பாதி அளவுகூட கிடையாது.

அமெரிக்காவில் முன்னணி நிறுவனங்களின் புதிய டிரைவர் ஒன்று 600 டாலரைச் சுற்றி விற்கிறது. போட்டியில் ஆடிச் சம்பாதிக்கும் தொழில்முறை வீரருக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஆனா ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்துக்குப் போகிற ஒரு சாதாரண ஆட்டக்காரர் அவ்வளவு பணம் கொடுத்தால், உண்மையிலேயே பலன் இருக்கா?

சுருக்கமான பதில்: இருக்கு. ஆனா விளம்பரத்தில் சொல்கிற பலன் வேறு, கையில் கிடைக்கிற பலன் வேறு. எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

டிரைவர் என்றால் என்ன?

ஒரு கோல்ஃப் வீரர் தன் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அதில் மிக நீளமானது டிரைவர். நீளமான குழிகளில் முதல் அடி பெரும்பாலும் இதில்தான். 'டீ' என்ற சின்னக் குச்சியின் மேல் பந்தை வைத்து, முழு வீச்சில் அடிப்பார்கள். அதிக தூரம் போவதும் இந்த அடிதான், அதிகமாகத் தடம் மாறிப் போவதும் இந்த அடிதான்.

மரத்திலிருந்து டைட்டானியம் வரை

பல பத்தாண்டுகளாக டிரைவரின் தலை 'பெர்சிமன்' என்ற மரத்தில்தான் செதுக்கப்பட்டது. 1979-ல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் ஸ்டீல் தலை கொண்ட டிரைவரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1991-ல் கால்வே நிறுவனம் 'பிக் பெர்த்தா'வை இறக்கியது. முதல் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய ராட்சத பீரங்கியின் பெயர் அது. அன்று எல்லோரும் 'எவ்ளோ பெருசு!' என்று வாய் பிளந்த அந்த மட்டை, வெறும் 190 சிசி.

அடுத்து வந்தது டைட்டானியம். ஒரு டிரைவர் தலையின் எடை 200 கிராம் அளவில்தான் இருக்க முடியும். அதற்கு மேல் போனால் வேகமாக வீச முடியாது. அதே எடையில் தலையைப் பெரிதாக்க வேண்டுமானால், உள்ளே காலியாகவும் சுவர் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். 460 சிசி அளவுக்கு டைட்டானியத்தைக் கெட்டியாக வார்த்தால் 2 கிலோவைத் தாண்டிவிடும். ஸ்டீலைவிட எடை குறைவு, அதே சமயம் உறுதி அதிகம் என்பதால், டைட்டானியத்தில் மெல்லிய கூடு செய்ய முடிந்தது.

தலை ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போனதால், கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ, ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ ஆகிய இரண்டு அமைப்புகளும் கடிவாளம் போட்டன. 2004 முதல் 460 சிசிதான் உச்சவரம்பு. கிரிக்கெட்டில் பேட்டின் விளிம்பு 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்று 2017-ல் விதி வந்தது நினைவிருக்கிறதா? அதே மாதிரிதான் இதுவும்.

பெரிய தலை என்னதான் செய்கிறது?

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது சட்டெனப் புரியும். பந்து பேட்டின் நடுவில் பட்டால் கையில் அதிர்வே தெரியாது. ஓரத்தில் பட்டால் பேட் கையிலேயே திரும்பிவிடும், பந்தும் எங்கேயோ போகும். கோல்ஃபிலும் இதே கதைதான். முகப்பின் நடுவை விட்டுத் தள்ளிப் பட்டால் மட்டையின் தலை முறுக்கிக்கொள்கிறது. பந்தின் வேகமும் குறைகிறது, திசையும் மாறுகிறது.

இந்த முறுக்கலை எதிர்க்கும் தன்மைக்குத்தான் பிளஸ் ஒன் இயற்பியலில் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று பெயர். கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி ஏன் நீளமான மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொள்கிறார்? எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு கஷ்டம் அதைத் திருப்புவது. அதனால் அவர் உடல் சட்டென ஒரு பக்கம் சாயாது.

பெரிய டிரைவரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதே 200 கிராம் எடை, ஆனா ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் பரவிக் கிடக்கிறது. ஓரத்தில் பட்டாலும் தலை கொஞ்சமாகத்தான் திரும்பும். சரியாகப் படாத அடிகூட ஓரளவு நேராக, ஓரளவு தூரமாகப் போய்ச் சேரும்.

இந்த லாபம் அதிகம் யாருக்கு? நடுவில் அடிக்கத் தெரிந்தவருக்கு அல்ல, அடிக்கடி தவறவிடுபவருக்குத்தான். சாதாரண ஆட்டக்காரருக்குப் பெரிய தலை கொடுக்கும் உண்மையான பரிசு இது: நல்ல அடியை இன்னும் நல்லதாக்குவது இல்லை, மோசமான அடியின் சேதத்தைக் குறைப்பது.

அப்போ தூரம் கூடுமா?

விளம்பரங்கள் பேசுவது தூரத்தைப் பற்றித்தான். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மெல்லிய டைட்டானிய முகப்பு, பந்து படும்போது லேசாக உள்வாங்கித் திரும்பத் தள்ளும். ஆனா இதற்கும் வரம்பு உண்டு. மோதும் வேகத்தில் சுமார் 83 சதவீதத்துக்கு மேல் விலகும் வேகம் இருக்கக் கூடாது என்பது விதி.

இதில் அதிக பலன் வேகமாக வீசுபவருக்கே. அமெரிக்காவின் பிஜிஏ டூர் வீரர் மட்டையைச் சராசரியாக மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார். சாதாரண ஆண் ஆட்டக்காரரின் வேகம் 150 கிலோமீட்டர் அளவில்தான்.

களத்தில் அளந்த கணக்கும் இதையே சொல்கிறது. பிரிட்டனில் ஆண் அமெச்சூர்களின் சராசரி டிரைவ் 1996-ல் 200 யார்டு. 2019-ல் 216 யார்டு. 23 வருஷத்தில் கூடியது 16 யார்டு, அதாவது 15 மீட்டர்கூட இல்லை. அதே காலத்தில் பிஜிஏ டூர் சராசரி சுமார் 266 யார்டிலிருந்து 294 யார்டாக ஏறியது. கூடுதல் 28 யார்டு.

இன்னொரு விஷயம், அந்த 16 யார்டும் மட்டையால் மட்டுமே வந்தது இல்லை. 2000-ஆம் ஆண்டின் கடைசியில் டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் 'புரோ வி1' பந்து வந்த பிறகு, நூல் சுற்றிச் செய்த பழைய ரகப் பந்துகள் ஒதுங்கிப்போயின. மட்டையின் தண்டும் சுமார் 43 இன்ச்சிலிருந்து 45 இன்ச்சைத் தாண்டி நீண்டது.

பெரிய தலையால் முடியாதது என்ன?

சாதாரண ஆட்டக்காரர்களின் பெரிய தலைவலி 'ஸ்லைஸ்'. வலது கைக்காரர் அடித்த பந்து வலது பக்கமாக வளைந்து புதருக்குள் போய்விடும். பந்து படும் நொடியில் முகப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, மட்டை எந்தப் பாதையில் வருகிறது என்ற இரண்டும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. வீச்சிலேயே கோளாறு என்றால் 460 சிசி காப்பாற்றாது.

சொல்லப்போனால் சிலருக்குச் சிக்கல் கூடவும் செய்யலாம். தலை பெரிதானால் அதன் ஈர்ப்பு மையம் தண்டிலிருந்து தள்ளிப் போகும். திறந்திருக்கும் முகப்பைச் சரியான நேரத்தில் திருப்பி நேராக்குவது கடினமாகும். காற்றின் தடையும் கூடும். நீளமான தண்டு வேகத்தைக் கூட்டும், ஆனா நடுவில் அடிப்பதைச் சிரமமாக்கும். பெரிய தலை ஒரு கையால் கொடுப்பதில் ஒரு பங்கை, நீளத் தண்டு இன்னொரு கையால் பிடுங்கிக்கொள்கிறது.

தூரம் மட்டுமே ஆட்டம் இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவின் அதிதி அசோக் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு 4-ஆம் இடம் பிடித்தார். அந்தப் போட்டியில் டிரைவில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். அவரைத் தூக்கி நிறுத்தியது குழியருகே ஆடும் 'புட்டிங்' திறமை.

'10கே' என்ற புது மந்திரம்

முறுக்கலை எதிர்க்கும் திறனுக்கும் 2006 முதல் வரம்பு உண்டு. குதிகால் பக்கத்திலிருந்து நுனிப் பக்கம் வரையான திசையில் அது 5,900 அலகு. இதை எட்டிப்பிடிக்க 2007-ல் நைக்கி, கால்வே நிறுவனங்கள் சதுரத் தலை டிரைவர்களைக்கூட விட்டுப் பார்த்தன. அந்த வடிவம் நிலைக்கவில்லை.

2024-ல் டெய்லர்மேட், பிங் நிறுவனங்கள் '10கே' என்ற பெயரோடு வந்தன. 10,000 என்றதும் பழையதைவிட இரண்டு மடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். பக்கவாட்டுத் திசை, மேல்-கீழ் திசை இரண்டிலும் உள்ள மதிப்புகளைக் கூட்டிய எண் அது. விதியின் வரம்பு பக்கவாட்டுக்கு மட்டும்தான்.

கொள்ளளவு, முகப்பின் துள்ளல், பக்கவாட்டு முறுக்கல் மூன்றுக்குமே கூரை போட்டு இருபது வருஷம் ஆகிறது. அதனால் சில வருஷம் பழைய 460 சிசி டிரைவருக்கும் இந்த வருஷப் புது மாடலுக்கும் உள்ள இடைவெளி, மர டிரைவருக்கும் அந்தப் பழைய 460-க்கும் இருந்த இடைவெளி மாதிரி இருக்காது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

• முகப்பில் பவுடர் ஸ்ப்ரே அடித்துப் பத்துப் பந்துகள் ஆடிப் பார்க்கலாம். தடம் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். முகப்பு முழுக்கச் சிதறி விழுந்தால் பெரிய தலை நிச்சயம் உதவும்.

• முகப்பின் சாய்வுக் கோணத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மெதுவாக வீசுபவருக்குப் பந்தை மேலெழுப்ப அதிகச் சாய்வு தேவை. பலருக்கு 9 டிகிரியைவிட 10.5 அல்லது 12 டிகிரி பொருந்தும்.

• பந்து அடிக்கடி ஓரத்தில் பட்டால், தண்டு ஒரு இன்ச் குட்டையாக உள்ள மட்டையையும் முயன்று பார்க்கலாம்.

• ஸ்லைஸ்தான் பிரச்னை என்றால் முதல் செலவு பயிற்சியாளருக்கு. மட்டை அதற்குப் பிறகு.

• இன்னும் மர டிரைவரோ, 200 சிசி அளவிலான பழைய ஸ்டீல் டிரைவரோ வைத்திருப்பவர் மாறினால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். ஏற்கெனவே 460 சிசி வைத்திருப்பவர் வருஷா வருஷம் மாற்றத் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் மட்டையே போதும்.

மொத்தத்தில், பெரிய தலை டிரைவரால் சாதாரண ஆட்டக்காரருக்கு லாபம் உண்டு. ஆனா அவர் பார்க்க வேண்டிய கணக்கு 'எவ்வளவு தூரம் போச்சு' என்பது இல்லை, 'எத்தனை பந்து தொலையாமல் இருந்துச்சு' என்பதுதான்.