பஸ் வேண்டாத தூரம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பஸ்ஸில் எந்தக் குழந்தையும் ஏறலாம். ஜாதி என்னவென்று சட்டமும் கேட்பதில்லை, கண்டக்டரும் கேட்பதில்லை. இறங்கிக் கிராமத்துக்குள் நடந்தால்தான் ஊர் வேறு, காலனி வேறு என்பது தெரிகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, காலனிப் பிள்ளைகளுக்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று கல்வியும் பல இடங்களில் இரண்டாய் நிற்கிறது. நலப் பள்ளிகளைக் கல்வி இலாகாவின் கீழ்க் கொண்டுவருவதாக 2023-ம் வருஷத்துப் பட்ஜெட்டில் தமிழக சர்க்கார் அறிவித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவும் 2024-ல் அவ்வாறே சிபார்சு செய்தது. நிர்வாகம் ஒன்றாவது எளிது. குழந்தைகள் ஒரே பெஞ்சில் உட்காருவது வேறு விஷயம். அதற்கு ஜனப்பிரதிநிதிகள் தம் தொகுதியாருக்கு எழுதும் பதிலே உரைகல் என்பது நம் அபிப்பிராயம்.

தனிப் பள்ளி ஏன் வந்தது? ஊர்ப் பள்ளிகளில் ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபடியால், 1920-களில் சென்னை ராஜதானியின் லேபர் இலாகா அவர்களுக்கென்று பள்ளிகள் திறந்தது. அன்று அது உபகாரம்; கதவு சாத்தப்பட்டவனுக்கு வேறு வாசல் வேண்டியிருந்தது. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவந்த பிரேரணை, பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்றது. 1950-ல் அரசியல் சாஸனம் தீண்டாமையையே ஒழித்தது. ஆயினும் நலப் பள்ளிக்குப் பிற ஜாதியார் பிள்ளைகளை அனுப்புவது இன்றும் அருமை.

அமெரிக்காவில் இதே வியாதிக்குப் பஸ்ஸை மருந்தாகக் கொண்டார்கள். பாஸ்டன் நகரப் பள்ளிகள் வேண்டுமென்றே நிறவாரியாகப் பிரிக்கப்பட்டவை என்று 1974 ஜூனில் நீதிபதி காரிட்டி தீர்ப்பளித்தார். செப்டம்பரில் வெள்ளையர் பேட்டைக்கும் கறுப்பர் பேட்டைக்கும் பிள்ளைகளை மாற்றி ஏற்றிச் செல்லப் பஸ்கள் ஓடின. செனட்டர் எட்வர்ட் கென்னடிக்குத் தொகுதியாரின் கோபக் கடிதங்கள் குவிந்தன. பேச வந்தவரை ஏசித் தக்காளி வீசித் துரத்தினார்கள். அவர் தம் நிலையை மாற்றவில்லை. மறு வருஷம் டெலவேர் செனட்டர் ஜோ பைடனோ, பஸ் ஏற்பாட்டுக்கு எதிரான திருத்தத்தைச் செனட்டிற் கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஜனாதிபதியும் ஆனார். வோட்டு எப்பக்கம் என்பது இதிலிருந்து விளங்கலாம். நியாயம் எப்பக்கம் என்பது விளங்காது.

பாஸ்டனில் தூரத்தைக் காரணம் காட்ட இடமிருந்தது. நம் கிராமங்களில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருப்பது ஒரு வயல், ஒரு வாய்க்கால், அல்லது ஒரு சாலை. குழந்தை நடந்தே போகலாம். தடை தூரமன்று என்பதற்கு விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி சாட்சி. திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரார் முதன் மந்திரியாயிருந்த 1947-லேயே ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அப்படியிருந்தும், ஆதிதிராவிடர் பிரவேசத்தைப் பிறர் எதிர்த்ததால், 2023 ஜூனில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைக்க நேர்ந்தது.

விழுப்புரம் பார்லிமெண்டுத் தொகுதியும் திண்டிவனம் சட்டசபைத் தொகுதியும் தனித் தொகுதிகள். நிற்பவர் ஆதிதிராவிடர், வோட்டளிப்பவர் எல்லா ஜாதியாரும். ஆகவே இரு தரப்புக் கடிதங்களும் ஒரே மேஜைக்கு வரும். ‘எங்கள் பள்ளியின் நிலமும் நிதியும் கைநழுவுமோ’ என்று காலனிவாசி கேட்டால், அது நியாயமான கேள்வி. ஒரு காசும் குறையாதென்று எழுத்தில் உறுதி வாங்கித் தரவேண்டும். ‘என் பிள்ளை அவர்களோடு உட்காருவதா’ என்று ஊரார் கேட்டால், ‘ஆம்’ என்ற ஒரே சொல் போதும். இரு கடிதங்களுக்கும் ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒரே பதில் எழுதுகிறவர் பிரதிநிதியல்லர். தபாலை எண்ணும் குமாஸ்தா. அத்தகைய பதில் கையில் வந்தால், நம் வாசகர்கள் அதைத் திருப்பியனுப்பி மறுபடியும் கேட்க வேண்டும்.