காய்ந்த கிளை கூறும் காட்டு வரலாறு

கோலசிலாங்கூரை அடுத்துள்ள புக்கிட் ரோத்தான் என்னும் ஊர்ப்பெயருக்குத் தமிழில் 'பிரம்புக் குன்று' என்பது பொருள். பால்மரமும் செம்பனையும் நிறைந்துவிட்ட வடசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் பழங்காட்டை நினைவூட்டுவன இத்தகைய பெயர்களே. ஆயின், ஊர்ப்பெயர் ஒரு செடியின் இனத்தைத் திட்டமாகக் காட்டாது. தீபகற்ப மலேசியாவில் பிரம்பில் மட்டும் நூறு இனங்களுக்கு மேல் உண்டு. எந்த இனம், எவ்விடத்தில், எந்நாளில் வளர்ந்தது என்பதற்குச் சான்று வேண்டின் உலர்தாவரகத்தையே நாடவேண்டும்.

இலையும் பூவும் காயும் கொண்ட சிறு கிளையைக் கொய்து, செய்தித்தாள்களின் இடையே வைத்து அழுத்தி, ஈரம் போக உலர்த்துவர். பின்னர்த் தடித்த தாளில் ஒட்டி, பெயர், ஊர், நாள், திரட்டியவர் ஆகிய விவரங்களை ஓர் ஓரத்தில் எழுதுவர். இக்குறிப்பு இல்லையேல் அது வெறுஞ் சருகே. குறிப்புடன் இருப்பின் இருநூறு ஆண்டுகள் கழிந்தும் சான்று பகரும்.

இம்முறை 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தோன்றியது. லூக்கா கினி என்னும் பேராசிரியர் அதைப் பரப்பியதாகக் கூறுவர். லின்னேயசின் மாணவரான கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அவர் தமிழகத்துச் செடிகளைத் திரட்டியதோடு அமையாமல், சயாம், மலாக்கா வரையும் சென்று ஆராய்ந்தார்.

மலாயாவில் இத்துறை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் வளர்ந்தது. அங்கு 1888 முதல் 1912 வரை தலைமை தாங்கிய ரிட்லி, திரட்டிய மாதிரிகளின் துணைகொண்டு மலாயாத் தீபகற்பத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதினார். அவை 1922 முதல் 1925 வரை வெளிவந்தன. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அப்போது ஜப்பானியப் பேராசிரியர் தனகதாத்தேயும், ஆங்கிலேய அறிஞர்களான ஹோல்ட்டமும் கார்னரும் கூடிநின்று அத்தொகுப்பைச் சூறையினின்று காத்தனர். நாடுகள் பகைத்துநின்ற காலத்தில் அறிஞர்கள் அறிவுச் செல்வத்துக்காக ஒன்றுபட்டது போற்றத்தக்கதாகும்.

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதே ஹோல்ட்டம் அதன் முதல் தாவரவியல் பேராசிரியரானார். பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர்ப் பிரிவு 1962-இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு வளர்ந்த உலர்தாவரகத்துக்கு, தாழை இனங்களில் வல்லவரான பெஞ்சமின் ஸ்டோன் 1984 வரை பெரிதும் உழைத்தார். 1974-இல் 'ரிம்பா இல்மு', அதாவது 'அறிவுக் காடு', என்னும் தாவரத் தோட்டம் பல்கலைக்கழக வளாகத்திலேயே அமைந்தது. பல்லாயிரக்கணக்கான மாதிரிகள் இன்று அத்தோட்டத்தோடு இணைந்து பேணப்படுகின்றன. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் பூஞ்சணத்தையும் பூச்சியையும் வளர்ப்பன. ஆதலால் திரட்டுவதினும் காப்பதே அரிய பணி.

காய்ந்த கிளைக்கு இத்துணைச் செலவு ஏன் என வினவலாம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்வதைக் காணப் பலர் வருகின்றனர். அம்மரங்கள் அழிந்தால் மின்மினிகளும் மறையும். முன்பு அவை எங்கெங்கு நின்றன என்று காட்ட, ஊரும் நாளும் பொறித்த மாதிரியைவிட உறுதியான சாட்சி வேறில்லை. காடு அழிக்கப்பட்டபின் அதை மீண்டும் சென்று பார்த்து எழுத எவராலும் இயலாது.

குறிப்புத் தாளில் உள்ளூர் மக்கள் வழங்கும் பெயரையும் எழுதுவது மரபு. தோட்டத்துப் பாட்டிமார் மருந்துக்கும் கறிக்கும் பறித்த கீரைகளுக்கும் செடிகளுக்கும் தமிழ்ப்பெயர்கள் உண்டு. தோட்டங்கள் கலைந்து மக்கள் நகர்களுக்குக் குடிபெயரக் குடிபெயர, அப்பெயர்களும் வழக்கொழிந்து வருகின்றன. தமிழாசிரியர்கள் மாணவரைக்கொண்டு பள்ளிக்கு ஒரு சிறு தொகுப்பு அமைத்து, ஒவ்வொரு தாளிலும் தமிழ்ப்பெயர், மலாய்ப்பெயர், அறிவியற்பெயர் மூன்றையும் பொறிப்பாராயின், செடியோடு சொல்லும் பிழைக்கும். அதற்கு வேண்டுவன பழைய செய்தித்தாளும், அழுத்த இரு பலகையும், பொய்யாத குறிப்புமே.